இயல்பாக இருந்த எண்கள்: டான்சில் அறுவைக்குப் பின் ஆறாம் நாள் இரத்தப்போக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

காது மூக்கு தொண்டைத் துறையில் பயிற்சி மருத்துவர்கள் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்ளும் அறுவைகளில் ஒன்று டான்சில் அகற்றுதல். அறுவை எளிது என்ற எண்ணம் அதன் பின்விளைவுகளுக்கும் ஒட்டிக்கொள்கிறது. அறுவை முடிந்து சில நாள் கழித்து ஒரு குழந்தை நள்ளிரவில் வருகிறது. எச்சிலில் கொஞ்சம் இரத்தம் வந்ததாம், பிறகு நின்றுவிட்டதாம். சோதித்துப் பார்த்தால் எல்லாம் இயல்பு. வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்ற கேள்வி எழாத அவசரப் பிரிவு இருக்க முடியாது. கீழே வரும் நிகழ்வில் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலைவிட, பதிலைத் தீர்மானிக்க உதவாமல் போன எண்களே கவனத்துக்குரியவை.

இது கற்பித்தலுக்காக, பல நோயாளிகளிடம் காணப்படும் போக்குகளை இணைத்து எழுதிய நிகழ்வு. தனி ஒருவருடைய மருத்துவப் பதிவு அல்ல.

நோயாளியும் அறுவையும்

ஒன்பது வயதுச் சிறுமி; எடை 26 கிலோ. முந்தைய ஓராண்டில் ஏழு முறை காய்ச்சலுடன் டான்சில் அழற்சி வந்து, ஒவ்வொரு முறையும் மருத்துவர் பார்த்துக் குறித்து வைத்திருந்தார். ஓராண்டில் ஏழு, அல்லது தொடர்ந்து ஈராண்டுகளில் ஆண்டுக்கு ஐந்து, அல்லது மூன்றாண்டுகளில் ஆண்டுக்கு மூன்று என்பது அறுவைக்குப் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. அந்த வரம்பை அவள் எட்டியிருந்ததால் அறுவைக்கான காரணத்தில் குறை சொல்ல ஏதுமில்லை.

முன்பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.1 கிராம், பிளேட்லெட் 2.9 லட்சம். இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் புரோத்ராம்பின் நேரம், ஏபிடிடி இரண்டும் இயல்பு. இரத்தப் பிரிவு ஓ பாசிட்டிவ். சேர்க்கைப் படிவத்தில் ‘குடும்பத்தில் இரத்தம் உறையாத நோய் உண்டா?’ என்ற வரிக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதப்பட்டிருந்தது.

மின்சார வெப்பத்தால் திசுவைச் சுட்டுப் பிரிக்கும் பைபோலார் டயதெர்மி முறையில் இரண்டு டான்சில்களும் அகற்றப்பட்டன. இரத்த இழப்பு சுமார் 30 மில்லி. மயக்கம் கொடுக்கும்போது டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ஒரே ஒரு தவணை தரப்பட்டது, ஆண்டிபயாடிக் தரப்படவில்லை. இரண்டும் இன்றைய வழிகாட்டுதல்களுக்கு உட்பட்டவையே. மறுநாள் காலை பாராசிட்டமாலும் ஐபுபுரோஃபெனும் எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மூன்றாம் நாளிலிருந்து வலி கூடியது. காதிலும் வலித்தது. தொண்டையையும் காதையும் ஒரே நரம்பு தொடுவதால் வரும் வலி அது. காதில் கோளாறு இருந்ததில்லை. ஐந்தாம் நாள் விழுங்கவே பயந்து, சில மிடறு தண்ணீர் தவிர வேறெதையும் அவள் ஏற்கவில்லை.

முதல் கசிவு

ஆறாம் நாள் இரவு 10.40 மணிக்கு, தூக்கத்திலிருந்து எழுந்து ஒரு மேசைக்கரண்டி அளவு புத்தம்புதிய இரத்தத்தைத் துப்பினாள். பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது. 11.50 மணிக்கு அவசரப் பிரிவுக்கு வந்தபோது நடந்தே உள்ளே வந்தாள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 118, இரத்த அழுத்தம் 102/64, காய்ச்சல் இல்லை. விரல்நுனியை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப மூன்று நொடி ஆனது. உதடு காய்ந்திருந்தது.

வாயைத் திறந்து பார்த்தபோது இரு டான்சில் குழிகளிலும் இந்தக் கட்டத்தில் எதிர்பார்க்கக்கூடிய வெண்படலம் இருந்தது. இடப்பக்கக் குழியின் கீழ் முனையில் மட்டும் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கருஞ்சிவப்பு இரத்தக்கட்டி. இரத்தம் வடியவில்லை. ஹீமோகுளோபின் 11.6.

பணியிலிருந்த மருத்துவர் அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. கட்டியைத் தொடவும் இல்லை. பெரியவர்களாக இருந்தால், ஒத்துழைத்தால், கட்டியை அகற்றி அட்ரினலின் தோய்த்த பஞ்சால் அழுத்திப் பார்க்கலாம். கட்டி இருக்கும்வரை அடியிலுள்ள இரத்தக்குழாய் சுருங்கி மூடாது என்பது பழைய பாடம். அது சரியான பாடமும்கூட. ஆனால் மிரண்டுபோன ஒன்பது வயதுக் குழந்தையிடம், அறுவை அரங்குக்கு வெளியே, உறிஞ்சு குழாயும் மயக்க மருந்து நிபுணரும் பக்கத்தில் இல்லாமல் அந்தக் கட்டியை எடுப்பது மூடியிருக்கும் குழாயைத் திறந்துவிடுவதற்குச் சமம். ஒருமுறை நின்ற கசிவு அடுத்து வரும் பெருக்கின் முன்னறிவிப்பாக இருக்கலாம் என்பதால், நின்றுவிட்டது என்பதையே அவளை வார்டில் சேர்ப்பதற்கான காரணமாக அவர் எடுத்துக்கொண்டார்.

கையில் ஊசிக்குழாய் பொருத்தப்பட்டது. இரத்தம் பொருத்திப் பார்க்க மாதிரி அனுப்பப்பட்டது. வாய்வழி எதுவும் கூடாது என்று சொல்லப்பட்டது; சிரைவழித் திரவம் தொடங்கியது. உறைந்த இரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் மெதுவாகச் செலுத்தப்பட்டது. ஐபுபுரோஃபென் நிறுத்தப்பட்டது. காது மூக்கு தொண்டை நிபுணருக்கும் மயக்க மருந்து நிபுணருக்கும் ‘இப்போது வர வேண்டியதில்லை, ஆனால் இப்படி ஒரு குழந்தை வார்டில் இருக்கிறாள்’ என்று தகவல் போனது. தேவைப்படுவதற்கு முன்பே செய்துவிடும் இந்தத் தொலைபேசி அழைப்பைப் பல இடங்களில் தயக்கத்தால் தவிர்க்கிறார்கள். தூக்கம் கெட்டதற்காக ஒரு மூத்த மருத்துவர் சலித்துக்கொண்டால், அந்தச் சலிப்பைத் தாங்கிக்கொள்வது இளையவரின் கடமையில் சேரும்.

அதிகாலை

4.10 மணி. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். துணிகளில் கறை இல்லை, இருமல் இல்லை, அழுகை இல்லை. இரத்த அழுத்தம் 98/60 என்று கருவி காட்டியது. எந்த எச்சரிக்கை மணியும் ஒலிக்கவில்லை.

செவிலியர் கவனித்தது வேறு. தூங்கும் குழந்தையின் தொண்டை ஓயாமல் ஏறி இறங்கியது. நான்கைந்து நொடிக்கு ஒருமுறை எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தாள். விழுங்குவதற்குப் பயந்து இரண்டு நாளாகத் தண்ணீரைக்கூடச் சரியாகக் குடிக்காத குழந்தை தூக்கத்தில் எதை விழுங்குகிறாள்? அவர் கைவிளக்கை வாயருகே பிடித்துப் பார்த்தார். உதட்டோரம் மட்டும் லேசான சிவப்பு. நாடி 142. உள்ளங்கால் குளிர்ந்திருந்தது. அவர் மருத்துவரை அழைத்த நேரத்திலேயே குழந்தை எழுந்து உட்கார்ந்து, கருமை கலந்த இரத்தத்தைக் கட்டிகளோடு வாந்தி எடுத்தாள். ஏறத்தாழ 250 மில்லி. அதற்குப் பின் வாயிலிருந்து புதிய இரத்தம் தொடர்ந்து வந்தது. பத்து நிமிடம் கழித்து இரத்த அழுத்தம் 84/50.

வார்டில் செய்யப்பட்டவை சில. படுக்க வைக்கவில்லை, முன்னால் சாய்ந்து உட்காரவைத்து, விழுங்காமல் துப்பச் சொன்னார்கள். ஆக்சிஜன் முகமூடியை முகத்தில் அழுத்தாமல் அருகில் பிடித்தார்கள். இரண்டாவது ஊசிக்குழாய் போட்டார்கள். கிலோவுக்கு 10 மில்லி வீதம் திரவம் இருமுறை வேகமாக ஏற்றப்பட்டது. பொருத்தி வைத்திருந்த இரத்தம் அரங்குக்கே நேராக அனுப்பப்பட்டது. 4.35 மணிக்குக் குழந்தை அரங்கில் இருந்தாள். நள்ளிரவில் மாதிரி அனுப்பாமல் விட்டிருந்தால் இரத்தம் வந்துசேர மேலும் முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்கும்.

அறுவை அரங்கில்

இந்த நிலையில் மயக்கம் கொடுப்பது, ஆறு நாள் முன்பு இதே குழந்தைக்குக் கொடுத்ததைப் போன்ற வேலை அல்ல. வயிறு விழுங்கிய இரத்தத்தால் நிரம்பியிருக்கிறது. குரல்வளை தெரிய வேண்டிய இடத்தில் இரத்தம் ஊறிக்கொண்டிருக்கிறது. திசுக்கள் வீங்கியுள்ளன. உடலில் இரத்தம் குறைந்திருப்பதால், வழக்கமான அளவில் மயக்க மருந்து கொடுத்தால் அழுத்தம் சரிந்துவிடும். டான்சில் இரத்தப்போக்கில் ஆபத்தின் பாதி இரத்த இழப்பு என்றால், மறுபாதி மூச்சுப்பாதை.

குழு மருந்து செலுத்தும் முன் செய்த ஏற்பாடுகள் இவை: இரண்டு உறிஞ்சு கருவிகள், ஒன்று அடைத்துக்கொண்டால் மற்றொன்று கையில். குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்புகள் இரண்டு. வயதுக்குரிய 5.5 அளவு மூச்சுக்குழாயுடன் ஓர் அளவு சிறியதும். அறுவை மருத்துவர் கை கழுவி, தலைவிளக்கு அணிந்து, கழுத்துவழி மூச்சுப்பாதை திறக்கவும் தயாராக அருகில் நின்றார். உட்கார்ந்த நிலையிலேயே ஆக்சிஜன் ஊட்டி, கடைசி நொடியில்தான் படுக்க வைத்தார்கள். குறைந்த அளவு கெட்டமைனும் வேகமாகச் செயல்படும் தசைத்தளர்வு மருந்தும் செலுத்தி, முதல் முயற்சியிலேயே குழாய் உள்ளே போனது. கேமரா உள்ள லாரிங்கோஸ்கோப்பின் கண்ணாடியை இரத்தம் மறைத்ததால், நேரடியாகப் பார்க்கும் பழைய கருவியே கைகொடுத்தது. தொழில்நுட்பத்தின் மீது எனக்குப் பகை இல்லை, இரத்தத்துக்கு இருக்கிறது.

வாய்த்தாங்கியைப் பொருத்திப் பார்த்தபோது இடப்பக்கக் கீழ் முனையில், வெண்படலம் பாதி உரிந்து தொங்கிய இடத்திலிருந்து இரத்தம் துடிப்போடு பீறிட்டது. முகத் தமனியிலிருந்து வரும் டான்சில் கிளை தொண்டைச் சுவரின் தசையைத் துளைத்து உள்ளே நுழையும் இடம் அது. டான்சிலுக்கு இரத்தம் தரும் ஐந்து கிளைகளில் பெரியதும் இதுவே. டயதெர்மி முனையால் பிடித்தபோது திசு ஈரத்தாளாகக் கிழிந்தது. ஆறாம் நாள் திசு அப்படித்தான் இருக்கும். சுட்டுச் சுட்டுப் பார்ப்பது குழியை ஆழப்படுத்தும், குழாயை மூடாது. இரண்டாவது முயற்சியோடு டயதெர்மியை வைத்துவிட்டு, கரையும் தையல் நூலால் குழாயைச் சுற்றி மேலோட்டமாக ஒரு தையல் போடப்பட்டது. மேலோட்டமாக என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் குழிக்கு வெளியே முகத் தமனியின் வளைவு வந்துபோகலாம். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் உட்கரோடிட் தமனி பெரியவர்களில் டான்சிலுக்குப் பின்புறமாகச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. குழந்தைகளில் இன்னும் நெருக்கம். ஆழமாக இறங்கிய ஊசி அன்றைய இரத்தப்போக்கை நிறுத்திவிட்டு, சில வாரம் கழித்து வெடிக்கும் பொய் அனியூரிசத்தை, அதாவது காயம்பட்ட தமனியருகே இரத்தம் தேங்கிய புடைப்பை, உருவாக்கிய நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் உண்டு.

5.10 மணிக்கு இடப்பக்கம் அடங்கியது. தையல் நிற்கவில்லையென்றால் அடுத்தடுத்த படிகள் தயாராக இருந்தன: டான்சில் குழியின் முன்னும் பின்னும் உள்ள திசு மடிப்புகளைப் பஞ்சின் மீது சேர்த்துத் தைப்பது, வெளிக் கரோடிட் தமனியைக் கழுத்தில் கட்டுவது, வசதியுள்ள இடத்தில் கதிரியக்க நிபுணர் குழாய்வழியே தமனியை அடைப்பது. அவை தேவைப்படவில்லை.

ஆனால் வலப்பக்கம் ஒரு கேள்வியை எழுப்பியது. அங்கே எந்தக் குழாயும் திறந்திருக்கவில்லை. இருந்தும் படலத்தின் விளிம்பெங்கும் வியர்ப்பதுபோல் இரத்தம் கசிந்தது. அட்ரினலின் பஞ்சால் ஐந்து நிமிடம் அழுத்தி எடுத்தால் நின்றது, மீண்டும் கசிந்தது. ஒரு குழாயின் பிரச்சினை என்றால் ஒரு பக்கம் போதும். அறுவை மருத்துவர் இதைக் குறிப்பில் தனி வரியாக எழுதி, இரத்தம் ஏற்றத் தொடங்கும் முன் உறைதல் பரிசோதனைகளுக்குக் கூடுதலாக ஒரு குழாய் இரத்தம் எடுக்கச் சொன்னார். அந்த ஒரு வரிதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வழி திறந்தது.

வயிற்றுக்குள் குழாய் விட்டு 180 மில்லி பழைய இரத்தம் வெளியேற்றப்பட்டது. மென்னண்ணத்துக்குப் பின்னால், மூக்கும் தொண்டையும் சேரும் இடத்தில் ஒளிந்திருக்கும் கட்டி தேடி எடுக்கப்பட்டது. மூச்சுக்குழாயை எடுத்த பிறகு அந்தக் கட்டி நழுவிக் குரல்வளைமேல் விழுந்தால் மூச்சு அடைத்துவிடும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழுதாக விழித்த பிறகே குழாய் எடுக்கப்பட்டது. அரங்கில் பார்த்த ஹீமோகுளோபின் 8.4. ஓர் அலகு சிவப்பணு ஏற்றியபின் மாலையில் 9.8.

எண்கள் எங்கே ஏமாற்றின

26 கிலோ எடைக்குக் கிலோவுக்குச் சுமார் 75 மில்லி என்று கணக்கிட்டால் அவள் உடலில் இருந்த மொத்த இரத்தம் இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. வாந்தி, வயிற்றிலிருந்து உறிஞ்சியது, அரங்கில் இழந்தது எல்லாம் சேர்த்து 600 மில்லியை நெருங்குகிறது. அதாவது ஏறத்தாழ முப்பது சதவீதம். இதே அளவு ஒரு பெரியவருக்கு ஒன்றரை லிட்டர் இழப்பு.

குழந்தையின் இரத்தக்குழாய்கள் இறுகிச் சுருங்கும் திறன் மிகுந்தவை. கால்வாசி இரத்தம் போனபிறகும் அழுத்தம் இயல்பாகவே நிற்கும்; அதன்பின் ஒரேயடியாகச் சரியும். ஒன்பது வயதுக்குத் தாழ்வு வரம்பு, எழுபதோடு வயதின் இருமடங்கைக் கூட்டினால், 88. 4.10 மணிக்கு 98 இருந்தது. பத்தே நிமிடத்தில் 84. இடையில் எச்சரிக்கும் படிக்கட்டு எதுவும் இல்லை.

ஹீமோகுளோபின் கதையும் இதுவே. சிந்துவது முழு இரத்தம். ஆகவே மீதமிருப்பதன் அடர்த்தி உடனே மாறாது. திசுக்களிலிருந்து நீர் உள்ளே வந்தோ, நாம் திரவம் ஏற்றியோ கலந்தபிறகுதான் எண் இறங்கும். இந்தக் குழந்தை இரண்டு நாளாகச் சரியாக நீர் அருந்தாததால் இரத்தம் ஏற்கனவே கெட்டிப்பட்டிருந்தது. நள்ளிரவில் பார்த்த 11.6 என்பது உண்மையில் அதைவிடத் தாழ்வான நிலையின் மேல் போர்த்திய எண்.

நாடித்துடிப்பை மேல் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பது எளிய வழி. ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை இந்த விகிதம் ஒன்றைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும் என்பது விபத்துக் காயம்பட்ட குழந்தைகளுக்காக வகுக்கப்பட்ட அளவுகோல். இவள் வந்தபோதே 118ஐ 102ஆல் வகுத்தால் 1.16. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் ஏற்கத்தக்க எண்கள். பயமும் வலியும் நாடியைக் கூட்டும் என்று வாதிடலாம், அது நியாயமே. ஆனால் அந்த வாதத்தை வைத்துக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பக்கூடாது. மூன்று நொடி எடுத்த விரல்நுனியும் அதே பக்கம்தான் சாட்சி சொன்னது. 4.10 மணிக்கு அதே விகிதம் 1.45.

எண்ணில் அடங்காத அறிகுறி ஒன்றுதான் நேரத்தில் பேசியது: தூக்கத்தில் விழுங்குதல். இதைப் பதிவு செய்ய வார்டு அட்டவணையில் கட்டம் கிடையாது. டான்சில் அறுவைக் குழந்தைகளின் அட்டவணையில் நாடி, அழுத்தம், வெப்பம் என்ற வரிசையில் ‘விழுங்குகிறதா’ என்று ஒரு கட்டம் சேர்ப்பதில் எந்தச் செலவும் இல்லை.

ஏன் ஆறாம் நாள்

முதல் 24 மணி நேரத்தில் வருவது முதல்நிலை இரத்தப்போக்கு. அதன்பின் வருவது இரண்டாம் நிலை. முதலாவதற்குப் பெரும்பாலும் கட்டிய முடிச்சோ சுட்ட குழாயோ விட்டுக்கொடுத்தது காரணம். இரண்டாவது, ஐந்து முதல் பத்து நாளுக்குள் வெண்படலம் உரியும்போது வருகிறது. படலத்துக்கு அடியில் புதிய திசு வளர்ந்து குழாய்களை மூடிவிட்டால் உரிதல் யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும். மூடாத இடத்தில் உரிந்தால் இரத்தம் வரும்.

இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 2003, 2004ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியத் தணிக்கை ஏறத்தாழ 34,000 நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. இரத்தப்போக்கு 3.5 சதவீதம், மீண்டும் அறுவை அரங்குக்குப் போனவர்கள் 0.9 சதவீதம். வெப்பத்தைப் பயன்படுத்தும் முறைகளில், கத்தியும் முடிச்சும் மட்டும் கொண்டு செய்யும் முறையைவிட இரத்தப்போக்கு அபாயம் சுமார் மூன்று மடங்கு என்பதும் அதில் தெரியவந்தது. வெப்பம் அன்றைய இரத்தத்தைக் குறைக்கிறது. அரங்கு சுத்தமாக இருக்கிறது, நேரம் மிச்சமாகிறது. கணக்கு ஆறாம் நாள் தீர்க்கப்படுகிறது. இதனால் டயதெர்மியே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கீழ் முனையிலுள்ள தமனியை மட்டுமாவது நூலால் கட்டிவிட்டு, சூட்டின் அளவையும் நேரத்தையும் குறைத்துப் பயன்படுத்தலாம் என்பதே என் நிலை. டான்சிலின் உறையை விட்டுவிட்டு உள்சதையை மட்டும் நீக்கும் முறையில் இரத்தப்போக்கு இன்னும் குறைவு; ஆனால் அடிக்கடி அழற்சி வரும் குழந்தைக்கு அது பொருத்தமா என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது.

வலிமருந்தைப் பற்றிச் சுருக்கமாக. டான்சில் அறுவைக்குப் பின் குழந்தைகளுக்குக் கோடீன் கூடாது என்பது 2013ஆம் ஆண்டு அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு எச்சரித்ததிலிருந்து முடிந்துபோன விவாதம். ஐபுபுரோஃபெனைப் பற்றியது முடியவில்லை. 2019இல் வெளியான, 741 குழந்தைகளை உள்ளடக்கிய சோதனையில், அரங்குக்குத் திரும்ப வேண்டிய அளவு இரத்தப்போக்கு பாராசிட்டமால் பிரிவில் 1.2 சதவீதம், ஐபுபுரோஃபென் பிரிவில் 2.9 சதவீதம். ஐபுபுரோஃபெனில் அபாயம் பாராசிட்டமாலைவிடக் கூடுதலல்ல என்று அச்சோதனை நிறுவவில்லை. அதே ஆண்டு வந்த அமெரிக்க வழிகாட்டுதலோ இரண்டையும் பரிந்துரைத்தது. இரண்டையும் படித்தவர்கள் தாமே முடிவெடுக்கிறார்கள். இரத்தம் உறைவதில் சிறு குறை இருக்கலாம் என்று தெரிந்த குழந்தைக்கு மட்டும் யாரும் அதை எழுதமாட்டார்கள். இவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

கேட்கப்பட்ட கேள்வியும் கேட்கப்படாததும்

மறுநாள் மதியம் இரத்தவியல் நிபுணர் தாயாரிடம் பேசினார். நோய் எதையும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. “மாதவிடாய் எத்தனை நாள் நீடிக்கும் அம்மா? இரவில் எழுந்து துணி மாற்ற வேண்டியிருக்குமா? இரும்புச்சத்து மாத்திரை எப்போதாவது சாப்பிட்டிருக்கிறீர்களா?” என்று கேட்டார். ஒன்பது நாள், ஆமாம், பல வருடமாக என்று பதில் வந்தது. பிரசவத்துக்குப் பின் இரத்தம் ஏற்றியிருந்தார்கள். தன் தாய்க்கும் அப்படித்தான், எங்கள் வீட்டுப் பெண்களுக்கு உடல்வாகு அது என்று அவர் சொன்னார். குழந்தைக்கு மூக்கில் இரத்தம் வருமா என்றதற்கு, வெயிலில் விளையாடினால் வரும், எல்லாக் குழந்தைகளுக்கும் வருவதுதானே என்றார். பால்பல் விழுந்தபோது தலையணை முழுக்க இரத்தமாக இருந்தது அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது.

படிவத்தில் ‘இல்லை’ என்று அவர் சொன்னது பொய்யல்ல. அவர் குடும்பத்தில் அப்படியொரு நோயை எந்த மருத்துவரும் கண்டறிந்ததில்லை. தலைமுறை தலைமுறையாக எல்லோருக்கும் இருப்பது நோயாகத் தெரியாது. நோயைக் கேட்காமல், நிகழ்ந்ததைக் கேட்டால் பதில் வருகிறது.

உறைதல் பரிசோதனைகள் இயல்பாக இருந்ததற்கும் விளக்கம் உண்டு. பிளேட்லெட்டைக் காயத்தின் சுவரில் ஒட்டவைக்கும் பசைபோன்ற புரதம் வான் வில்லிபிராண்ட் காரணி. எட்டாம் உறைதல் காரணியைச் சுமந்து காப்பதும் அதுவே. புரோத்ராம்பின் நேரம் இந்தப் புரதத்தை அளப்பதே இல்லை. ஏபிடிடி மறைமுகமாக, எட்டாம் காரணி வெகுவாகக் குறைந்தால் மட்டுமே நீளும். இலேசான குறைபாட்டில் இரண்டும் இயல்பு என்று வருவது பரிசோதனையின் பிழையல்ல. கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். எல்லாக் குழந்தைகளுக்கும் வழக்கமாக இவ்விரு பரிசோதனைகளையும் செய்வதை நான் ஆதரிக்கவில்லை. செய்துவிட்டோம் என்ற நிம்மதியில் வரலாறு கேட்பது நின்றுபோகிறது.

இந்நோயை 1926இல் முதன்முதலாக விவரித்தவர் ஃபின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட். ஓலாண்ட் தீவுகளைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் அவர் கண்டது இது. மூக்கிலும் மாதவிடாயிலும் பல் விழுந்த இடத்திலும் இரத்தம் நிற்காத பெண்கள் அக்குடும்பத்தில் இருந்தார்கள். ஹீமோபிலியா ஆண்களைப் பிடிக்கும் நோயென்று அறியப்பட்டிருந்த காலத்தில், வேறுபாட்டைக் காட்டியது குடும்ப வரலாறுதான்.

இரத்தம் ஏற்றுமுன் எடுத்த மாதிரியில் இச்சிறுமியின் வான் வில்லிபிராண்ட் காரணி 58 சதவீதம், அதன் செயல்திறன் 54, எட்டாம் காரணி 88. ஆய்வகத்தின் இயல்பு வரம்பு 50இல் தொடங்குகிறது. மீண்டும் ஓர் இயல்பான எண்! ஆனால் இந்தப் புரதம் உடல் நெருக்கடியில் இருக்கும்போது உயரும் வகை. இரத்தம் இழந்து, வலியில், அறுவை மேசையில் கிடக்கும் குழந்தைக்கு 58 என்பது உயர்ந்து நின்ற அளவு. ஓ பிரிவினருக்கு இது இயல்பாகவே சுமார் கால்பங்கு குறைவாக இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. நிபுணர் எந்தப் பெயரும் சூட்டாமல், ஆறு வாரம் கழித்து அமைதியான நாளில் திரும்ப எடுக்கச் சொன்னார்.

அறுவை நடந்த உடனே உயரும் இதே புரதம், நெருக்கடி தணியும்போது இறங்கத் தொடங்குகிறது. படலம் உரியும் நாள்களும் அதே நாள்கள். இவளுக்கு முதல் நாள் முப்பது மில்லியோடு அறுவை முடிந்ததற்கும் ஆறாம் நாள் இப்படி ஆனதற்கும் இது பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது.

இடையில் சிகிச்சை என்ன? உடம்பில் சேமித்துள்ள காரணியை வெளிவிடச் செய்யும் டெஸ்மோபிரெசின் பற்றிப் பேசப்பட்டது, கொடுக்கவில்லை. அம்மருந்து சிறுநீரைத் தடுத்து நீரை உடலில் தேக்குகிறது. அப்போதுதான் நிறையத் திரவம் ஏற்றப்பட்ட குழந்தைக்குச் சோடியம் இறங்கி வலிப்பு வரக்கூடும். தையல் நின்றிருந்தது, நோய் உறுதியாகவில்லை. எனவே டிரானெக்ஸாமிக் அமிலம் மட்டும், முதலில் சிரைவழியும் பிறகு வாய்வழியும், ஏழு நாள் தொடர்ந்தது. மீண்டும் கசிந்தால் சோடியம் பார்த்து, திரவத்தைக் கட்டுப்படுத்தி டெஸ்மோபிரெசின் கொடுப்பது, அதற்கும் அடங்காவிட்டால் காரணியையே செலுத்துவது என்று திட்டம் எழுதிவைக்கப்பட்டது. அத்திட்டம் தேவைப்படவில்லை. நான்காம் நாள் வீடு திரும்பினாள்.

தொடர்ச்சி

ஆறு வாரத்தில் காரணி 38 சதவீதம், செயல்திறன் 36, எட்டாம் காரணி 62. ஒரு மாதம் கழித்து எடுத்ததிலும் மாற்றமில்லை. இரத்தப்போக்கு வரலாறு உள்ளவரிடம் 50க்குக் கீழ் இருந்தால் முதல்வகை வான் வில்லிபிராண்ட் நோய் என்று ஏற்கலாம் என்கிறது 2021ஆம் ஆண்டுப் பன்னாட்டு வழிகாட்டுதல். அளவும் செயல்திறனும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால் வேறு வகைகள் விலக்கப்பட்டன. எந்தச் சூழ்நிலையிலும் காட்டுவதற்கு ஓர் அட்டை அவளுக்குத் தரப்பட்டது. அமைதியான ஒரு நாளில் டெஸ்மோபிரெசினைச் சோதனையாகக் கொடுத்துப் பார்த்ததில் அளவு 110க்கு உயர்ந்தது. அடுத்த அறுவையோ பல் எடுப்போ வந்தால் பயன்படும் தகவல் அது. அடுத்த சில ஆண்டுகளில் அவளுக்கு மாதவிடாய் தொடங்கும் என்பதால், இரத்தவியல் நிபுணரை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும்படி எழுதப்பட்டது.

தாயாருடைய அளவு 33. இரும்புச்சத்துக் குறைவு மட்டுமே கண்டு இத்தனை ஆண்டுகளாக மாத்திரை கொடுத்துவந்த இடத்தில், இப்போது மாதவிடாய் நாள்களில் டிரானெக்ஸாமிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது. சிறுமியின் தம்பிக்கும் குறட்டைக்காக இதே அறுவை திட்டமிடப்பட்டிருந்தது. அவனுக்கு இரத்தம் எடுக்கும்வரை அது தள்ளிவைக்கப்பட்டுள்ளது. அழுதுகொண்டிருக்கும்போது எடுத்த முதல் மாதிரி 71 என்று வந்தது. இரத்தவியல் நிபுணர் அதை ஏற்காமல், அவன் அமைதியாக இருக்கும் ஒரு நாளில் மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்.